முற்றத்துக்கு ஏற்ற புல்



இன்று உங்களோடு புல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "புல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது ஐயா? ஆயுள் முழுக்க அதை வெட்டியும் மருந்தடித்தும் கை காய்த்துப் போனவர்கள் நாங்கள்" என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிப்பதும் நியாயந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் புல் என்றாலே பகை. அதிலும் லாலான் என்றால் பரம்பரைப் பகை.

ரப்பர் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல் முளை கூட நிற்கக் கூடாது என்பது துரைமார் கட்டளையாக இருந்தது. தரை துடைத்து வைத்த சமையலறை போல இருக்கவேண்டும். நம் தாத்தா பாட்டிமார் குனிந்த தலை நிமிராமல் அதைச் செய்தார்கள். பலன் என்ன? வெறுந்தரையில் மழை விழுந்து மேல்மண் எல்லாம் சரிவில் இறங்கி ஆற்றோடு போய்விட்டது. பிறகுதான், மண்ணை மூடி வைக்க ஏதாவது செடி வேண்டும் என்று கண்டு, மரங்களுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் பரப்பத் தொடங்கினார்கள். தரையில் வளர்வதெல்லாம் பகையல்ல என்பதைப் பெரிய விலை கொடுத்துத்தான் தோட்டங்கள் கற்றுக்கொண்டன.

வீட்டு முற்றத்திலும் கதை இதுதான். எந்தப் புல்லை விரட்டுவது, எந்தப் புல்லுக்கு இடங்கொடுப்பது என்று தெரிந்துகொண்டால், புல்லைவிடச் செலவு குறைந்த, சொன்னபடி கேட்கிற அழகுச்செடி வேறில்லை என்பேன்.

கேரித் தீவை உங்களில் பலர் அறிவீர்கள். கிள்ளானுக்குத் தெற்கே, தெலுக் பங்லிமா காராங் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். லங்காட் ஆறும் கடலும் சூழ்ந்த தீவு. எட்வர்டு வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரால் வழங்குகிறது. அவர் காலத்தில் ரப்பர், பின்னர் செம்பனை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அங்கே ஒரு லயத்து வாசலில் நான் கண்ட காட்சிதான் இந்தப் பேச்சுக்கு வித்து. கால்வாய் ஓரமாக வெட்டிவேர்ப் புல் வேலி போல அடர்ந்து நின்றது. அதன் உட்புறம் செராய்க் கொத்துகள் நான்கு. படிக்கட்டின் இரு பக்கமும், நரிவால் போன்ற ஊதாப் பூங்கதிர்களோடு ஒரு புல் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வாசல்களில் வெறும் சேறு. வைத்தவர் வேலை ஓய்வு பெறும் நிலையில் இருந்த ஓர் அம்மா. "மாமரம் வைக்கலாமே" என்று கேட்டேன். "மரம் வெச்சா யாருக்குத் தம்பி? வேலை முடிஞ்சா வீட்டைக் குடுத்துட்டுப் போவணும். புல்லுன்னா தோண்டிக் கையிலே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அந்தச் சொல்லுக்குள் நம் தோட்ட வாழ்வு அத்தனையும் அடங்கியிருக்கிறது. குடியிருக்கும் வீடு வேலையோடு ஒட்டியது. ஐந்தாறு ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நம்பி நடுவதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை. தீவிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் இருந்த நம் குடும்பங்களில் பல இன்று பந்திங், கிள்ளான் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே முற்றம் என்பது காரை நிறுத்தியது போக மிஞ்சும் நான்கடி மண். இரண்டு இடத்துக்கும் பொருந்துவது தூர்ப்புல்தான்.

தூர்ப்புல் என்றால் என்ன? புல் இனத்தை நம் வேலைக்கு ஏற்றபடி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று ஓடுபுல். தரைமேலோ தரைக்குள்ளோ தண்டை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்துப் பரவும். லாலான் தரைக்குள் ஓடுவது. அருகம்புல் மேலும் ஓடும், உள்ளும் ஓடும். மற்றொன்று தூர்ப்புல். நெல்லைப் போல, கரும்பைப் போல, நட்ட இடத்திலேயே பக்கக் கன்று விட்டுக் கொத்தாகப் பெருக்கும். செராயும் வெட்டிவேரும் இந்த வகை. ஓடுபுல்லை அழகுக்காக வாங்கி நடுகிறவர் விருந்தாளி என்று நினைத்து வாடகை கொடுக்காத குடித்தனக்காரரைக் கூட்டி வருகிறார். பிறகு மண்வெட்டியோடு ஓராண்டு மல்லுக்கட்ட வேண்டும்.

கடையில் வாங்கும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்கட்டியோடு மெல்ல உருவிப் பாருங்கள். மெல்லிய வேர்கள் மட்டும் பின்னிக்கிடந்தால் தூர்ப்புல். வேருக்கிடையே ஊசிமுனை போன்ற வெள்ளைத் தண்டுகள் தொட்டியைச் சுற்றி ஓடியிருந்தால் அது ஓடுபுல். எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலத்தில் இறக்காதீர்கள்.

இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்கிறேன். நாம் தலைமுறை தலைமுறையாகக் கொன்று வந்த லாலானில் இலை சிவந்த ஒரு வகை உண்டு. வெளிநாடுகளில் அதைத் தொட்டியில் வைத்து, இரத்தப்புல் என்று பெயரிட்டுக் காசுக்கு விற்கிறார்கள்! பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிவப்பில் ஒரு தூர் பச்சைக்குத் திரும்பிவிட்டால் பழைய லாலானின் வேகம் வந்துவிடும். அமெரிக்காவில் லாலான் அரசாங்கத்தின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. அங்குல நீளத் தண்டுத் துண்டு மண்ணில் மிஞ்சினாலே மறுபடி தலைகாட்டும் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எரித்தாலும் சாகாது, எரித்தபின் பூத்து விதையைக் காற்றில் பறக்கவிடும். நிழலுக்கு மட்டும் அது அஞ்சும்.

அருகம்புல் வேண்டாமா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். பிள்ளையாருக்கு மாலை சாத்தாமல் முடியுமா? தாராளமாக வையுங்கள், தொட்டியில் வையுங்கள். தொட்டியைச் சிமெந்துத் தரைமேல் வையுங்கள். மண்மேல் வைத்தால் அடித்துளை வழியாக இறங்கி நடக்கத் தொடங்கிவிடும்.

புல்லின் உடலமைப்பில் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு முழுவதும் எளிதாகிவிடும். தென்னைக்கும் செம்பனைக்கும் குருத்து உச்சியில் இருக்கிறது. அதை வெட்டினால் மரம் போயிற்று. புல்லுக்குக் குருத்து அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. மேலே எவ்வளவு வெட்டினாலும், மாடு மேய்ந்தாலும், அடிக்குருத்து பிழைத்திருப்பதால் மீண்டும் தழைக்கிறது. ஆகவே புல்லை வெட்ட அஞ்சவேண்டாம். குருத்தை மண்ணில் புதைக்கத்தான் அஞ்சவேண்டும். நடும்போது ஆழமாகப் புதைப்பதும் அடியில் சேறு மூடுவதும் அழுகலுக்கு வழி.

இனி மண்ணுக்கு வருவோம். கேரித் தீவு, கிள்ளான் கடற்கரை, கோல லங்காட் வட்டாரத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைச் சற்றுக் கவனமாகக் கேட்கவேண்டும். மலைச்சரிவுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேரித் தீவின் நிலம் கடல் கொண்டுவந்து போட்ட களிமண். ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்தது. கடல் உள்ளே வராமல் பண்டு என்னும் கரை கட்டி, கால்வாய் வெட்டி, இறக்கத்தின்போது திறந்து ஏற்றத்தின்போது மூடும் நீர்வாயில்கள் வைத்துத்தான் அதைத் தோட்டமாக்கினார்கள். அப்படிப்பட்ட சேற்றின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் பல இடங்களில் உறங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அது யாருக்கும் கெடுதல் செய்யாது. தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. மண் புளித்துவிடுகிறது. இதை அமிலக் கந்தக மண் என்பார்கள். தீவில் சில பகுதிகளில் செம்பனையே இந்த மண்ணால் நலிந்ததை ஆராய்ந்துதான், கால்வாயில் தண்ணீரை முழுவதும் வடித்துவிடாமல் தடுப்பு வைத்து ஓரளவு தேக்கும் முறை வந்தது. அடிச்சேறு தண்ணீருக்குள்ளேயே கிடக்கட்டும் என்பது அதன் கருத்து.

உங்கள் முற்றத்தில் இது இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். தோண்டிப்போட்ட சாம்பல் நிறக் களியில் சில வாரம் கழித்து வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் பூக்கும். கால்வாய் நீரில் துருப்போலச் செம்படலம் மிதக்கும். தோண்டும்போது சிலசமயம் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். ஒருமுறை இயந்திரம் வைத்து வீட்டுப் பக்கத்துக் கால்வாயை ஆழப்படுத்தினார்கள். கரையில் கொட்டிய சேறு கருமையாக, வெண்ணெய் போல வழுவழுப்பாக இருந்தது. இத்தனை வளமான மண்ணை விடுவதா என்று, தள்ளுவண்டியில் ஏழெட்டு நடை கொண்டுவந்து வாசலில் பரப்பிவிட்டேன். பெருமையாகவும் இருந்தது. இரண்டு மாதத்தில் செராயின் நுனி தீயில் காட்டியது போலக் கருகிற்று. புல்தரை திட்டுத்திட்டாகச் செத்தது. உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன், மேலும் கருகிற்று. மஞ்சள் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. கொட்டியதையெல்லாம் வாரி எடுக்க, கொட்டியதைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது.

ஆகையால் ஆழமாகத் தோண்டவேண்டாம். மேல்மண்ணைக் கூட்டி அரையடி, முக்காலடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி அதில் நடுங்கள். நாற்றுக்கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளில் ஒரு குழிக்கு இரண்டு கைப்பிடி கலந்து, சில நாள் விட்டு நடலாம். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் அதுவும் நல்லது. சாம்பலும் உரமும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள்; உரத்தின் சத்து ஆவியாகப் போய்விடும். பண்டுக்கு அருகே உப்பு நீர் கசியும் இடமானால் செராய் பிழைக்காது. அங்கே தரைவிரிப்பாகப் போடும் பிலிப்பைன்ஸ் புல் உப்பை ஓரளவு தாங்கும்.

புளித்த மண்ணுக்கும் ஈரக்கரைக்கும் அஞ்சாத புல் ஒன்று உண்டு. அது நம் வெட்டிவேர். வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல்தான் உலக மொழிகளில் வெட்டிவர் என்று வழங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். மலாய்க்காரர்கள் ஆக்கார் வாங்கி, அதாவது மணக்கும் வேர், என்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் பானைத் தண்ணீரில் போட்டும் தட்டி பின்னியும் பயன்படுத்துவது இதன் வேரைத்தான். கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் வயல் எல்லைக்கு இந்தப் புல்லை வரிசையாக நட்டுவந்தார்கள். அதைக் கண்டு வியந்த உலக வங்கி வேளாண் வல்லுநர்கள், மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிவேர் வேலி என்று 1987இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார்கள். நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி. கே. யூன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களின் தொடக்கத்தில் இதை விரிவாகச் சோதித்து எழுதினார்.

அப்படி என்ன சிறப்பு? இதன் வேர் பக்கவாட்டில் அலையாமல் நேரே கீழிறங்கும். நல்ல நிலத்தில் பத்தடிக்கு மேலும் போகும். பக்கத்துச் செடியின் சாப்பாட்டில் கைவைக்காது. நாம் நடும் தென்னிந்திய வகை முளைக்கக்கூடிய விதை வைப்பதில்லை. ஆகவே களையாகப் பரவாது. கால்வாய்க் கரை சரியும் வீடுகளுக்கு இதைவிடக் கைகண்ட மருந்து கிடையாது. பழைய தூரைப் பிரித்து, இரண்டு மூன்று கன்று சேர்ந்த துண்டாக எடுத்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வேரை நான்கு விரற்கடை விட்டு நறுக்குங்கள். கரை ஓரமாக ஒற்றை வரிசையில் அரையடிக்கு ஒன்றாக நடுங்கள். இடைவெளி விட்டால் வேலி ஆகாது. அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஒன்றோடொன்று நெருங்கிச் சுவராகிவிடும். கரையைக் காக்க வைத்ததில் வேரைத் தோண்டி எடுக்காதீர்கள். மணத்துக்கு வேண்டுமென்றால் ஒரு தூரைப் பழைய சாக்கில் தனியே வளர்த்து, சாக்கை அவிழ்த்து வேரை எடுத்துக்கொள்ளலாம்.

செராயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. கடையில் சமையலுக்கு வாங்கிய தண்டையே ஒரு குவளைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர்விடும். அதை நட்டுக்கொள்ளலாம். செராய் வாங்கி என்று மற்றொன்று இருக்கிறது. அடித்தண்டு சிவந்திருக்கும். அதைக் குழம்பில் போடாதீர்கள். அது எண்ணெய் எடுப்பது. அந்தப் புல்லை வாசலில் வைத்தால் கொசு வராது என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிப்படும். செடி சும்மா நிற்பதால் கொசு ஓடாது. தொட்டியின் கீழ்த்தட்டில் தண்ணீர் நின்றால் அதே செடியடியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டே வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

அழகுக்கென்றே வைக்கும் புற்களில் எனக்குப் பிடித்தது நான் முன்பு சொன்ன ஊதா ஃபவுண்டன் கிராஸ். இலையும் ஊதா, கதிரும் ஊதா கலந்த சிவப்பு. மூன்று நான்கடி வளரும். அநேகமாக விதை பிடிக்காததால் பரவும் அச்சம் இல்லை. இதிலேயே பச்சை இலை வகை ஒன்றுண்டு. அது விதைத்துப் பரவும். ஹவாய்த் தீவுகளில் அது காட்டையே பிடித்துக்கொண்டது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதேபோல், நெடுஞ்சாலை ஓரங்களில் பொன்னிறத் தூரிகை போலப் பூத்து நிற்கும் புல்லைப் பார்த்து மயங்கி வேரோடு பிடுங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் விதை அடுத்த மாதம் லயம் முழுக்க முளைக்கும். பூச்சாடிக்குக் கதிரை மட்டும் வெட்டி வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதை உதிரும் முன்பு எரித்துவிடுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மணிப்புல் வையுங்கள். ஆங்கிலத்தில் யோபுவின் கண்ணீர் என்பார்கள். சோள இலை போன்ற இலையோடு நான்கைந்தடி வளரும். கடினமான, பளபளப்பான சாம்பல் மணிகள் காய்க்கும். மணியின் நடுவே இயற்கையாகவே துளை இருக்கும். ஊசியும் நூலும் கொடுத்துவிட்டால் பள்ளி விடுமுறையில் சிறுமிகள் மாலை கோத்துக்கொண்டே இருப்பார்கள். ஈரமான கால்வாய் ஓரம் இதற்குப் பிடிக்கும். மணி உதிர்ந்து முளைக்கும். ஆனால் சிறுமிகள் உதிர விடமாட்டார்கள்.

தரையை மூடவேண்டுமானால் நிழலுள்ள இடத்துக்குக் கௌ கிராஸ் என்ற அகல இலைப் புல்லோ, அதன் குட்டை வகையான பேர்ல் கிராஸோ போதும். அவையும் ஓடுபவைதாம், ஆனாலும் கையால் பிடுங்கினால் வந்துவிடும். கடையில் புல் என்று விற்பதெல்லாம் புல்லல்ல என்பதையும் சொல்லவேண்டும். மோண்டோ கிராஸ் புல் இனமே இல்லை. பாண்டானும் புல்லல்ல, தாழையின் உறவு. தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்கள் பாயும் கூடையும் முடைவதும் அதே தாழை இனத்து இலைகளில்தான். கோரையும் புல்லல்ல, தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருந்தால் கோரை.

இந்தச் செடிகளை எங்கே வாங்குவது என்றால், எனக்குத் தெரிந்த நல்ல இடம் சுங்கை பூலோ சாலையோர நாற்றுத்தோட்டங்கள். 1930இல் அங்கே திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கிப் பெருகிய தொழில் அது. ஒரு தொட்டி வாங்கினால் போதும். மீதியைப் பிரித்துப் பெருக்குவது நம் கையில் இருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். புதிதாக நட்டதற்கு மூன்று வாரம் தண்ணீர் வேண்டும். பிறகு மழையே போதும். ஆண்டுக்கடைசி மழை தொடங்குமுன் நட்டால் அந்தத் தண்ணீரும் மிச்சம். வெளிநாட்டுப் புத்தகங்களில் குளிர்காலம் முடிந்து ஆண்டுக்கொருமுறை வெட்டச் சொல்லியிருக்கும். நமக்குக் குளிர்காலம் இல்லை. புல் ஓய்வதே இல்லை. அடியில் காய்ந்த தாள் பச்சையைவிட அதிகமாகத் தெரியும்போது வெட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை வரும். தூரைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு முழம் விட்டுப் பாராங்கால் ஒரே வீச்சில் வெட்டினால் குப்பை சிதறாது. நீண்ட கைச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செராய் இலை தோலை அறுக்கும். வெட்டிய தாளைத் தூரைச் சுற்றிப் பரப்பிவிட்டால் களை வராது. பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் அதையும் பரப்பலாம், ஒரே அடுக்காக. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுச் செம்பனைக்கே கேடு வரும். உரம் அதிகம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை கொழுத்துத் தலை சாய்ந்துவிடும்; கதிர் வராது.

இரண்டு மூன்று ஆண்டில் தூரின் நடுப்பகுதி செத்து, சுற்றிலும் மட்டும் பச்சை நிற்கும். நோய் என்று அஞ்சவேண்டாம். வயதாகிவிட்டது என்று பொருள். முழுவதையும் தோண்டியெடுத்து, நடுவை எறிந்துவிட்டு, ஓரக் கன்றுகளைப் பிரித்து நடுங்கள்.

இடையில் முளைக்கும் களையைக் கையால் பிடுங்குங்கள். தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். முதலாவது, களைப்புல்லைக் கொல்லும் மருந்துக்கு அழகுப்புல் எது, களை எது என்று தெரியாது. இரண்டாவது, அந்த மருந்து என்ன செய்யும் என்பதை நம் பெண்கள் உடம்பால் அறிந்திருக்கிறார்கள். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பட்ட மூக்கு இரத்தம், நகக் கேடு, தோல் புண் எல்லாம் தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வில் பதிவாகியுள்ளன. பாராகுவாட் என்ற மருந்து நம் நாட்டில் 2020 சனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முறிமருந்து கிடையாது; ஒரு வாய் உள்ளே போனாலும் உயிர் பிழைப்பது அரிது. பழைய புட்டி எதுவும் வீட்டுக் கூரையிடுக்கில் இருந்தால், சாக்கடையில் ஊற்றாமல், வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். குளிர்பானப் புட்டியில் மருந்து வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது.

உயரமான புல்லைக் கதவோரத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி மிகுதி. எலிக்குப் பின்னால் நாகம் வரும். வாசலிலிருந்து ஆறடி தள்ளி நடுங்கள். தூரின் அடி ஒரு சாண் உயரத்துக்குத் திறந்து, தரை கண்ணுக்குத் தெரியும்படி காய்ந்த தாளைக் கழித்து வையுங்கள். கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தூரை வெட்டிக் குட்டையாக்கிவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில் மண்ணை நன்றாக நனைத்துத் தோண்டுங்கள். கைப்பிடி அளவு துண்டுகளாகப் பிரித்து, வேரை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வாயைக் கட்டாமல் நிழலில் எடுத்துச் செல்லுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். லாரியில் சாமான் இறக்கி முடித்து, புது வீட்டில் பால் பொங்கி, மூச்சு விட்ட பிறகு நட்டால் போதும். ஒரு துண்டைப் பழைய வாசலிலேயே விட்டு வாருங்கள். அடுத்து அந்த வீட்டுக்கு வருகிறவர் இந்தோனேசியரோ வங்காளதேசத்தவரோ, யாராயிருந்தாலும் செராய் அவருக்கும் சமையலுக்கு ஆகும்.